பல்கலைக்கழகத்திடம் இருக்கும் படம்

தங்கச்சியின் படம் ஒன்று இப்போதும் ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தின் கணினியில் இருக்கிறது. எங்களிடம் ஒன்றுகூட இல்லை.

போரை நிறுத்தி, சமாதானம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் கிளிநொச்சியில் இணையம் பார்க்க ஒரு நெற் கபே இருந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த தங்கச்சியை அங்கே நான்தான் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். தாதியர் படிப்புக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறந்த நாள், அப்பாவின் தொழில், அம்மா படித்த வகுப்பு எல்லாம் கேட்டார்கள். கலியாணம் பேச வருகிறவர்கள்கூட இவ்வளவு கேட்கமாட்டார்கள். படமும் கேட்டார்கள். இரட்டைப் பின்னலோடு ஸ்ரூடியோவில் எடுத்த படத்தைக் கடைக்காரர் ஸ்கான் பண்ணி ஏற்றினார்.

மின்னஞ்சல் என்ற இடத்தில் கடையின் முகவரியைக் கொடுத்தோம். எங்கள் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான். தொலைபேசிக்கும் கடை நம்பர்தான். கடவுச்சொல் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். பதில் வந்தால் அச்செடுத்து வைத்துவிட்டு, அந்த வழியால் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்புவார். அதில் என்ன பிழை வரப்போகிறது?

கடைசியில் பொடி எழுத்தில் ஒரு பக்கம். நாங்கள் எதைப் பார்த்தோம், எவ்வளவு நேரம் பார்த்தோம், எந்த நாட்டிலிருந்து பார்த்தோம் என்பதையெல்லாம் சேர்த்து வைத்துப் பயன்படுத்துவார்களாம். தங்கச்சி தட்டுத்தடுமாறி வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“எவ்வளவு நேரம் பார்த்தனான் எண்டும் எழுதி வைப்பினமாம், அண்ணா. அம்மாவை விட மோசம்.”

சம்மதம் என்ற பெட்டிக்குள் சரி போட்டாள்.

படிக்க இடம் கிடைக்கவில்லை. ஆனால் கடிதங்கள் நிற்கவில்லை. தாதியர் பக்கத்தைப் பலமுறை பார்த்திருக்கிறீர்கள், புதிய பாடநெறி தொடங்குகிறோம் என்று அவள் பெயர் போட்டு வந்துகொண்டே இருந்தன. தன்னை அவர்கள் மறக்கவில்லை என்று அவள் அந்தத் தாள்களை அலுமாரியில் அடுக்கி வைத்தாள். வெறும் விளம்பரம் என்று எனக்குத் தெரியும், சொல்ல மனம் வரவில்லை. பிறகு மீண்டும் சண்டை தொடங்கி, பாதையைப் பூட்டினார்கள். அதற்குப் பிறகு கடையும் இல்லை, கடைக்காரர் என்ன ஆனார் என்றும் தெரியாது.

போரின் கடைசி மாதங்களில், மாத்தளனில் ஷெல்லுக்குச் சிதறி ஓடிய ஒரு காலையில் தங்கச்சியைத் தவறவிட்டோம். அல்பம் இருந்த பை அன்று கடலேரியைக் கடக்கும்போது தண்ணீரோடு போய்விட்டது.

தப்பி வந்தவர்களை அடைத்து வைத்திருந்த செட்டிகுளம் முகாமில் அம்மாவும் நானும் விசாரிக்கப் போன இடமெல்லாம் முதல் கேள்வி, படம் இருக்கிறதா என்பதுதான். உயரம், நிறம், கன்னத்து மறு எல்லாம் சொன்னோம். அந்த உயரத்தில் எத்தனை பிள்ளைகள்! அப்போதுதான் பல்கலைக்கழகம் நினைவுக்கு வந்தது. வவுனியா நகரிலிருந்த சித்தி கம்பிவேலிக்கு வந்தபோது விபரத்தைச் சொன்னேன். அவர் ஓர் ஆளைப் பிடித்து, நடந்ததையெல்லாம் சொல்லி, மின்னஞ்சல் எழுதுவித்தார்.

மூன்றாம் வாரம் பதிலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். விண்ணப்பதாரியின் விபரங்கள் பத்திரமாக இருக்கின்றனவாம். அவருடைய அந்தரங்கத்தைக் காப்பது அவர்களுடைய கடமையாம். ஆகவே வேறெவருக்கும் தரமுடியாது, அவரே பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து எழுதிக் கேட்கவேண்டும்.

அந்த மின்னஞ்சல் கடையுடையது, கடையே இல்லை. அவள் எந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள் என்பதைத் தங்கள் விளம்பரத்துக்கு எடுத்தவர்களுக்கு, அவளைத் தேட அவள் முகத்தைத் தர முடியவில்லை. அவர்களிலும் குற்றமில்லை, சட்டம் அப்படி என்றார் சித்தி. நல்ல சட்டம்தான். எங்கள் முறை வரும்போதுதான் எல்லோருக்கும் சட்டம் நினைவுக்கு வருகிறது.

கூடாரத்தில் அம்மா காத்திருந்தார். இருந்ததை இருந்தபடி சொன்னேன்.

“அவளின்ரை விபரமெல்லாம் பத்திரமா இருக்காம், அம்மா. அவளையே எழுதிக் கேக்கட்டாம்.”

கன நாளைக்குப் பிறகு அம்மாவின் முகம் தெளிந்தது.

“அப்ப அவள் இருக்கிறாள் எண்டு அவையளுக்குத் தெரிஞ்சிருக்கு. இல்லாட்டி அவளை எழுதச் சொல்லுவினமே?”

தாளை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அதற்குப் பிறகு யார் படம் கேட்டாலும் அதைத்தான் எடுத்து நீட்டினார்.