ஒன்றேகால் மணி நேரத் தூரம்

எதிர்வீட்டுத் தனக்கொடிக்கு எங்கள் ஊர் உறுவையாற்றிலிருந்து வில்லியனூர் போய்வருவதே பெரிய பயணம். ஆனால் ஐதராபாத் பக்கத்தில்தான் இருக்கிறது என்பாள். மகன் அன்புராஜ் அங்கே வேலைக்குப் போனபோது, சென்னைக்கு விமானத்தில் ஒன்றேகால் மணி நேரம்தான், ஆபத்து என்றால் ஓடி வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான். நடவு வயலிலும் குழாயடியிலும் இதைக் கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

போன ஆடி மாதம், விடியற்காலையில் அவள் புருஷன் சாமிக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அன்று சாயங்காலம் மாரியம்மனுக்குக் காப்புக் கட்ட வேண்டும். ஊரில் பிணம் கிடந்தால் கட்டக்கூடாது. நாட்டாமை சிவப்பிரகாசம் நல்ல மனுஷர். மகன் வர நேரமாகும் என்றால் காப்பை ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிக்கொள்ளலாமா என்று அவராகவே கேட்டார்.

"வேணாங்க. பிளேன்ல ஒன்னேகால் மணி நேரந்தான். உச்சிக்குள்ள வந்துடுவான்," என்றாள் தனக்கொடி.

கூடி நின்ற எங்களில் விமானம் ஏறியவர் யார்? மண்டுகள் மாதிரித் தலையாட்டினோம். இன்றைக்கே காப்பு என்று தண்டோராவும் போட்டாகிவிட்டது.

கை காட்டி ஏற அது டவுன் பஸ் இல்லை என்று மத்தியானம்தான் உறைத்தது. அவனுக்கு இடம் கிடைத்ததே பிற்பகல் விமானத்தில். இறங்கிய பிறகு சென்னையிலிருந்து காரில் வேறு வர வேண்டும். தனக்கொடி நாட்டாமை காலில் விழுந்தாள். கரகம் ஜோடித்தாகிவிட்டது, பக்கத்து ஊர் ஜனமெல்லாம் வந்து இறங்கிவிட்டது. அவர்தான் என்ன செய்வார், பாவம்.

மகனுடைய போன் அணைந்திருந்தது. அப்படியென்றால் வானத்தில் இருக்கிறான் என்று ஆட்டோக்கார மரியதாஸ் சொன்னார். அதிலிருந்து அவள் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, "வந்துகினு இருக்கான்," என்று எல்லோரிடமும் சொன்னாள்.

பொழுது சாயும் முன்பே தூக்கிவிட்டார்கள். கொள்ளிச் சட்டி பிடித்தது சாமிக்கண்ணுவின் தம்பி மகன் தேவேந்திரன். பெண்கள் நாங்கள் தெருமுனையோடு நின்றுவிட்டோம். மேளச் சத்தம் சுடுகாட்டுப் பக்கம் தேய்ந்தபோது போன் அடித்தது.

"எம்மா, சென்னையில எறங்கிட்டேன். அப்பாவ எடுத்துடாதீங்க. வந்துடறேன்."

இறைந்து கிடந்த சாமந்தியைப் பார்த்துக்கொண்டே தனக்கொடி பேசினாள்.

"எடுக்கலப்பா. வூட்லதான் இருக்காரு. நீ பதறாம வா."

பிறகு போனை என் கையில் திணித்து, அவன் வந்ததும் நீதான் சொல்லணும் அக்கா என்றாள். நான் என்னத்தைச் சொல்வேன்?