சனிக்கிழமைக்குள் ஓட வேண்டிய ஸ்னோமொபைல்

நான் வேலை செய்யும் மலை விடுதிக்குக் குளிர்காலத்தில் சாலை இல்லை. கேபிள் கார் நிற்கும் இடத்திலிருந்து நாலு கிலோமீட்டர் பனி மூடிய மலைச்சரிவு. மரக்கறி, பால், மாவு, விருந்தினரின் பெட்டிகள் எல்லாவற்றையும் ஸ்னோமொபைலில் மேலே கொண்டுபோவது என் பொறுப்பு. ஊரில் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவன், இங்கே வந்து பன்னிரண்டு வருடம் உணவகங்களில் பாத்திரம் கழுவினேன். இந்த வேலை கிடைத்தது போன குளிர்காலத்தில்தான்.

அந்தத் திங்கட்கிழமை வண்டி பாதிச் சரிவில் திணறி நின்றது. சலாட் இலைகள் பெட்டிக்குள்ளேயே விறைத்துப் போயின. முதலாளியம்மா சத்தம் போடவில்லை. "சனிக்கிழமைக்குள் சரியாக ஓட வேண்டும். இல்லாவிட்டால் இந்த வேலையைக் கீழே பள்ளத்தாக்கில் உள்ள ஆட்களிடம் கொடுப்பேன். உங்களுக்குப் பாத்திரம் கழுவும் இடம் இருக்கிறது" என்றார். மெக்கானிக் வரப் பத்து நாளாகும்.

செவ்வாய்க்கிழமை இஞ்சினில் தீப்பொறி தரும் பிளக்கைக் கழற்றினேன். கறுப்பு, ஈரம். மெக்கானிக் போன வருடம் சொல்லித் தந்திருந்தார்: கறுத்து நனைந்திருந்தால் பெற்றோல் கூடிய கலவை, வெளுத்திருந்தால் காற்றுக் கூடிய கலவை. உயரத்தில் காற்று மெலிது, ஆகவே பெற்றோல் கூடித்தான் இருக்கும் என்று முடிவுகட்டி, கார்புரேட்டரில் பெற்றோலை அளந்து விடும் ஜெட்டைக் கழற்றி ஒரு அளவு சிறியதைப் போட்டேன். மைனஸ் பதினான்கில் கையுறை இல்லாமல் செய்ய வேண்டிய வேலை அது.

வண்டி முன்னைவிட மோசமாக ஓடியது.

புதன்கிழமை வேறு சோதனை. முழு வேகத்தில் ஓடும்போது பெற்றோலைக் கூட்டி விடும் சோக்கைக் கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன். பெற்றோல் ஏற்கெனவே கூடியிருந்தால் இஞ்சின் இன்னும் மூச்சடைக்கும். இது துள்ளி எழுந்தது. அப்படியென்றால் பெற்றோல் போதவில்லை. ஆனால் பிளக் அதே கறுப்பு. ஒரே சம்பவத்துக்கு இரண்டு சாட்சிகள், இரண்டும் எதிரெதிராக. பழைய ஜெட்டைத் திரும்பப் போட்டேன். வியாழக்கிழமை காற்று வடிகட்டியைக் கழுவினேன், ரப்பர் குழாய்களில் வெடிப்பு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தேன், கார்புரேட்டரைப் பிரித்துத் துடைத்தேன். எல்லாவற்றையும் நேரத்தோடும் வெப்பநிலையோடும் கொப்பியில் எழுதினேன். கொப்பி நிரம்பியது. வண்டி ஏறவில்லை.

சமையலறை அண்ணை யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், அறுபதை நெருங்குகிறவர். யுத்தத்தில் பெற்றோல் தடை இருந்த காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்; அதனால் உலகத்து இஞ்சின்கள் எல்லாம் தனக்கு அத்துப்படி என்று நினைப்பவர்.

"என்ன தம்பி, இண்டைக்கும் பேட்டி எடுக்கிறீரோ? இஞ்சின் என்னவாம்?"

"சும்மா இருங்கோ அண்ணை."

"கொப்பியிலை எழுதினா வண்டி ஏறுமே?"

வெள்ளிக்கிழமை காலை, தொட மிச்சமிருந்தது எரிபொருள் ஒன்றுதான். அதைத் தொடாததற்குக் காரணம், அதைக் கலப்பவன் நானே என்பது. இந்த இஞ்சினுக்குத் தனியாக எண்ணெய்த் தாங்கி கிடையாது; ஐம்பது பங்கு பெற்றோலுக்கு ஒரு பங்கு பச்சை நிற இஞ்சின் எண்ணெயை முதலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். தாங்கியிலிருந்து ஒரு ஜாம் போத்தலில் கொஞ்சம் எடுத்தேன். இன்னொரு போத்தலில் புதிதாக அளந்து கலந்தேன். இரண்டையும் சமையலறை யன்னலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். புதிதாக நான் கலந்தது தண்ணீரில் ஒரு சொட்டு மை விழுந்தது போல வெளிர் பச்சை. தாங்கியிலிருந்து எடுத்தது கரும்பச்சை.

அண்ணை வெங்காயம் வெட்டியபடியே எட்டிப் பார்த்தார். "அதுதான் நல்ல நிறம்" என்று கரும்பச்சையைக் காட்டினார்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"நான்தானே ஊத்தினனான். காலமை நீர் வர முதல் நான்தானே வண்டியைச் சூடாக்கி வைக்கிறது. போன கிழமையிலை இருந்து இஞ்சின் வறண்டு கத்திச்சுது. ஒவ்வொரு நாளும் தாங்கியிலை ஒரு தேத்தண்ணிக் கோப்பை எண்ணெய் விடுறன்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"ஓம். எண்ணெயிலை கஞ்சத்தனம் பாக்கக் கூடாது. நாங்கள் மண்ணெண்ணெயிலை ஓடேக்கை எண்ணெய்தான் இஞ்சினைக் காப்பாத்தினது."

"அண்ணை, இது மண்ணெண்ணெய் இல்லை! ஜெட்டாலை போறது ஒரே அளவுதான். எண்ணெய் கூடினா பெற்றோல் குறையும். எரியாத எண்ணெய் பிளக்கிலை கறுப்பாப் பிடிக்கும்."

"அப்ப பிளக் பொய் சொன்னதோ?"

பிளக் பொய் சொல்லவில்லை. எண்ணெய்க் கறுப்பை நான் பெற்றோல் கறுப்பென்று வாசித்தேன். செய்தியாளனாக இருந்தபோது எந்த விபத்திலும் முதல் கேள்வி, கடைசியாக யார் தொட்டது என்பது. நாலு நாள் அதை யாரிடமும் கேட்கவில்லை.

தாங்கியை வடித்தேன். புது பிளக், புதுக் கலவை. எண்ணெய்ப் போத்தலை என் அறையில் வைத்துப் பூட்டினேன். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. மத்தியானச் சோற்றுக்குக் கறி குறைவாகவே விழுந்தது.

சனிக்கிழமை முழுப் பாரத்தோடு வண்டி ஒரு இடத்திலும் நிற்காமல் ஏறியது. வாசலில் முதலாளியம்மா நின்றார், பெட்டிகளை இறக்க அண்ணையும் வந்திருந்தார்.

"என்ன பிழை இருந்தது?" என்று கேட்டார் முதலாளியம்மா.

அண்ணையைப் பார்க்காமல், "பெற்றோலில் எண்ணெய் கூடிவிட்டது" என்றேன்.

முதலாளியம்மா புருவத்தை உயர்த்தினார். பெற்றோல் கலப்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை பால் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, தனக்குத் தெரிந்த ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னார்: "இஞ்சின் சத்தம் சரியில்லை என்று ஒரு வாரத்துக்கு முதலே எனக்குத் தெரியும்."

முதலாளியம்மா அவரை மதிப்போடு பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"வேலை உங்களுக்கே. ஆனால் இனி எண்ணெய் கலக்கும்போது இவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்."