கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால்

மகளைக் குருநகரில் உள்ள பகல் பராமரிப்பு நிலையத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகத் தொடங்கி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. ஒவ்வொரு காலையும் அவளுடைய பையோடு ஒரு கொப்பியும் கொடுத்துவிடுவேன். என்ன சாப்பிட்டாள், எப்போது உறங்கினாள், கன்னத்தில் இருக்கும் சிவப்பு வெறும் நுளம்புக் கடிதான் என்பதெல்லாம் அதில் இருக்கும். பிள்ளைகளைப் பார்க்கும் சிஸ்டர் ஒருநாள் அதைப் புரட்டிவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, நான் உம்மடை மகளைப் பாக்கிறதோ, இருந்து உதை வாசிக்கிறதோ?"

"கூட எழுதிப்போட்டனோ சிஸ்டர்?"

"பின் மட்டையிலையும் எழுதியிருக்கிறீர். அதையும் வாசிச்சிட்டன். போட்டு வாரும்."

நான் அப்படித்தான். கேற்றைப் பூட்டிவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்ப்பேன். பஸ் ஏறியபின் அடுப்பை அணைத்தேனா என்று கணவரிடம் கேட்பேன். அதனால்தான் எங்கள் அலுவலகத்தின் வேலை எனக்குப் பிடித்திருந்தது.

யாழ்ப்பாண நகரில் ஒரு மாடியில் ஆறு பேர் கொண்ட அலுவலகம் எங்களுடையது. நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு கணினி நிரல் நூலகம். மற்ற நிரலாளர்கள் எடுத்துத் தங்கள் வேலையில் பொருத்திக்கொள்ளக்கூடிய ஆயத்தப் பாகம் என்று சொல்லலாம். ஒரு கணினி மொழியில் எழுதிய நிரலை அது வாசிக்கும், கிளைவிட்ட மரம்போல் பிரித்து வைத்துக்கொள்ளும், பிறகு வேறொரு மொழியில் எழுதித் தரும். இப்படிச் செய்யும் கருவிகள் வேறும் உண்டு. அவை பெரும்பாலும் கணினிக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வீசிவிடும். வீசப்படுபவற்றில் முக்கியமானவை குறிப்புகள். நிரலை எழுதியவர், பின்னால் அதைத் தொடப்போகும் மனிதருக்காக இடையிடையே எழுதிவைக்கும் வரிகள் அவை. கணினி அவற்றைப் படிப்பதில்லை. எங்கள் நூலகம் ஒரு குறிப்பையும், ஒரு வெற்று வரியையும்கூட விடாது. அதன் அறிமுகத்தின் முதல் வரியே "எதுவும் இழக்கப்படாது" என்பதுதான்.

அதை நிரூபிக்க ஒரு சோதனை வைத்திருந்தோம். நிரலை வாசித்து, எதையும் மாற்றாமல் அதே மொழியில் திருப்பி எழுத வேண்டும். இரண்டையும் எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். ஒரு புள்ளி பிசகினாலும் திரையில் சிவப்பு விழும். சிவப்பு விழ வைத்தவர் எல்லோருக்கும் தேநீரோடு தின்ன ரோல்ஸ் வாங்க வேண்டும் என்பது அலுவலக வழக்கம். நான் வாங்கியதே இல்லை. அதில் எனக்குக் கொஞ்சம் செருக்கும் இருந்தது.

நூலகத்தை எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரு வெள்ளிக்கிழமை வெளியிடுவதாக இருந்தோம். அதற்கு முன் ஒரு சிறுவர் மருத்துவ நிலையத்தின் பழைய நிரலை வெள்ளோட்டத்துக்காகக் கேட்டு வாங்கியிருந்தோம். பிள்ளையின் எடையைக் கொடுத்தால் மருந்தின் அளவைச் சொல்லும் நிரல் அது. புதன்கிழமை அதைப் புது மொழிக்கு மாற்றினேன். சோதனைகள் எல்லாம் பச்சை. அத்தோடு எழும்பியிருக்கலாம். கேற் பூட்டைப் பார்ப்பதுபோல், பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முடிவுவரை கண்ணால் பார்த்தேன்.

பழையதில் மூன்று வரி கூடுதலாக இருந்தது. நிரலின் கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால், எல்லாம் முடிந்துவிட்ட இடத்தில், யாரோ ஆங்கிலத்தில் எழுதியிருந்தார்: பத்துக் கிலோவுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு மேலே உள்ள கணக்கை மட்டும் நம்ப வேண்டாம், வைத்தியர் பார்த்து உறுதிப்படுத்த வேண்டும், இதை மாற்றுபவர் முதலில் அவரிடம் கேட்கவும். புதியதில் அந்தக் குறிப்பு இல்லை.

என் மகளுக்கு அப்போது எட்டரைக் கிலோ.

சோதனை ஏன் இதைப் பிடிக்கவில்லை என்று தேடினேன். ஒப்பிடும் இடத்தில் ஒரு வரி இருந்தது. கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால் இருப்பதை இரண்டிலும் வெட்டிவிட்டு ஒப்பிடும்படி சொல்லும் வரி. பக்கத்தில் "பிறகு பார்க்கவும்" என்று ஒரு குறிப்பு. எழுதியவள் நான். பிரசவ விடுமுறைக்குப் போவதற்கு முந்திய கிழமை, கோப்புகளின் முடிவில் ஒரு வெற்று வரி கூடிக் குறைந்து சிவப்பு விழுந்துகொண்டே இருந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அந்த இடத்தில் வெற்று வரியைத் தவிர வேறென்ன இருக்கப்போகிறது என்று நினைத்து வெட்டிவிட்டுப் போய்விட்டேன். பிறகு மகள் பிறந்தாள். நான் பார்க்கவே இல்லை.

ஒருவருக்கும் சொல்லாமல் அந்த வரியை எடுத்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் எடுத்தால் எவ்வளவு சிவப்பு விழும் என்று தெரியாது. வெள்ளிக்கிழமை வெளியீடு தள்ளிப்போகலாம். பிள்ளை பெற்று வந்தவளுக்குக் கவனம் வேறெங்கோ என்று நினைப்பார்கள். சொல்லாமல் விட்டால், அறிமுகத்தின் முதல் வரி என்னால் பொய்யாகிவிடும்.

மாலையில் வீட்டுக்குப் போகும் சாவகச்சேரி பஸ்ஸில், மகளை மடியில் வைத்துக்கொண்டு கணவரிடம் சொன்னேன்.

"கேற் பூட்டை மூண்டு தரம் பாக்கிற ஆள் நீர்," என்றார் அவர். "உதை மட்டும் பாக்காமல் விட்டனீரோ?"

"பகிடி விடாதேங்கோப்பா. என்னை என்ன நினைப்பினம்?"

"நினைக்கிறதை நினைக்கட்டும். நீர் சொல்லாட்டி இனி ஒவ்வொரு நாளும் இந்த பஸ்ஸிலை நான்தான் உதைக் கேக்க வேணும்."

வியாழன் காலை, எங்கள் குழுவின் மூத்தவரிடம் போனேன். எல்லோரும் அவரை அண்ணை என்போம்.

"அண்ணை, ஒண்டு சொல்ல வேணும்."

"என்ன, பிள்ளைக்குச் சுகமில்லையோ?"

"பிள்ளை சுகம். சோதனைதான் சுகமில்லை."

காட்டினேன். அந்த மூன்று வரியை அவர் இரண்டு தரம் வாசித்தார். "வெட்டினதை எடும், பாப்பம்," என்றார். எடுத்து ஓடவிட்டேன். நாங்கள் கையாளும் நான்கு மொழிகளிலும் சிவப்பு விழுந்தது. பக்கத்து மேசைத் தம்பி கதிரையைத் திருப்பி, "அக்கா, உது கனநாள் பழைய பிழை. கடைக்காரரும் பழைய ரோல்ஸ்தான் தருவினம்," என்றான். ஒருவரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு விட ஏலாது போலை," என்றார் அண்ணை.

"பின்னேரம் வரைக்கும் தாங்கோ."

எங்கிருந்து எனக்கு அந்தத் துணிவு வந்தது என்று தெரியவில்லை. சொன்ன உடனேயே ஏன் சொன்னேன் என்றிருந்தது. ஆனால் பிழையின் இடம் எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் மரத்தில் ஒவ்வொரு குறிப்பும் தனக்கு அடுத்து வரும் கட்டளையோடு ஒட்டிக்கொள்ளும். கடைசிக் குறிப்புக்கு அடுத்தது என்று ஒன்றும் இல்லை, அதனால் ஒட்ட இடமில்லாமல் விழுந்துபோனது. மரத்தின் முடிவில் வெறும் இலை ஒன்றை வைத்தேன். அதற்குக் கட்டளை எதுவும் கிடையாது. மிஞ்சி வருவதைப் பிடித்து வைத்திருப்பதே அதன் வேலை. மரம் எல்லா மொழிகளுக்கும் பொது என்பதால் ஓரிடத்தில் வைத்ததே போதுமாக இருந்தது. மூன்று மொழிகள் மத்தியானத்துக்கு முன்பே பச்சையாகின. நாலாவது, வெற்று வரியால் இழுத்தடித்த அதே பழைய மொழி, மூன்று மணிக்குப் பச்சையானது.

மருத்துவ நிலையத்தின் நிரலை மறுபடியும் மாற்றினேன். புது மொழியில், கடைசி அடைப்புக்குறிக்குப் பின்னால், அந்த மூன்று வரியும் நின்றன. எழுதியவர் இரண்டாவது வரியைக் கொஞ்சம் உள்ளே தள்ளித் தொடங்கியிருந்தார். அந்த இடைவெளியும் அப்படியே இருந்தது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொன்னது போய்ச் சேரும்.

அண்ணை வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தார். "நல்ல காலம், நீர் கண்ணாலை பாத்தது," என்றார். "சோதனை பச்சை எண்டால் நான் பாத்திருக்க மாட்டன்." பிறகு, "அந்த இலையை ஏன் வைச்சனீர் எண்டு அதுக்கு மேலை ஒரு குறிப்பு எழுதும்," என்றார். எழுதினேன். "பிறகு பார்க்கவும்" என்றதை அழித்தேன்.

வெள்ளிக்கிழமை சொன்னபடி வெளியிட்டோம். ரோல்ஸ் நான்தான் வாங்கினேன். பழைய பிழைக்கு வேண்டாம் என்றார்கள். நான் கேட்கவில்லை. சுடச்சுட இருந்தது, தம்பி இரண்டு எடுத்தான்.

மிஞ்சிய ஒன்றைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு, மகளையும் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன். கணவர் மகளை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"எல்லாம் சரியோ?"

"ஓம்."

"எத்தினை தரம் பாத்தனீர்?"

"நாலு மொழியையும் நாலு தரம்."

வழக்கமாக இதற்குத்தான் சிரிப்பார். இன்று சிரிக்காமல், "அப்ப சரி," என்று சொல்லிவிட்டு ரோல்ஸைப் பிரித்தார்.