உப்புப் பார்க்க வந்த தெரு

ஆலை மூடப்பட்டதும் அதன் கேன்டீன் சமையல்காரருக்கு வேலை போயிற்று. கை மட்டும் சும்மா இருக்க மறுத்தது. சந்தையில் விலைபோகாத காய்கறி குப்பைக்குப் போவதையும், பக்கத்துத் தெருவில் ஆலைத் தொழிலாளர் வீட்டு அடுப்புகள் அணைந்து கிடப்பதையும் அவர் கண்டார். விளைச்சலுக்குக் குறைவில்லை, வாங்குவதற்குத்தான் கூலி இல்லை. எனவே சந்தைத் தலைவரிடம் பேசிக் காய்கறியும் அரிசியும் ஒரு காலிக் கொட்டகையும் பெற்றார். "இல்லாதவர்களுக்கு இலவச உணவு" என்று வாசலில் எழுதி மாட்டினார்.

ஈ, காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை.

"எங்க வீட்டுல என்ன இல்லாம போச்சு? எதிர் வீட்டுக்குக் குடுங்க," என்றார் ஆலையின் தறி மேஸ்திரி. எதிர் வீட்டுத் தையல்காரி மேஸ்திரி வீட்டைக் கைகாட்டினாள். இரு வீட்டுப் பிள்ளைகளும் கதவிடுக்கில் நின்று குழம்பு வாசனையை முகர்ந்தன.

"இன்னைக்கும் சோறு மிஞ்சினா, கொட்டகையைப் பூட்டிருவேன்," என்று சந்தைத் தலைவர் கறாராகச் சொல்லிவிட்டார்.

அன்று பார்த்துச் சமையல்காரருக்குக் கடும் சளி. மூக்கும் நாக்கும் ஒருசேர வேலைநிறுத்தம் செய்தன. உப்புப் போட்டோமா என்ற ஐயம் குடையவே, குழம்புக் கரண்டியோடு தெருவில் இறங்கினார்.

"தங்கச்சி, உப்புப் பாத்துச் சொல்லும்மா. என் நாக்கு செத்துப் போச்சு."

தையல்காரி நக்கிப் பார்த்தாள். "ஐயோ அண்ணே, கடலையே கொட்டிட்டீங்களா?"

"அவ நாக்கு நூலைக் கடிச்சுக் கடிச்சு மரத்துப்போச்சு," என்று மேஸ்திரி கரண்டியைப் பறித்தார். "உப்பே இல்லாம சப்புன்னு இருக்கு!"

"தறிச் சத்தத்துல காதுதான் போச்சுன்னு நெனச்சேன் மாமா. நாக்கும் போச்சா?"

"வெறும் குழம்புல என்னடி தெரியும்? சோத்துல பிசைஞ்சு பாத்தாத்தான் தெரியும்!"

வழக்கு சோற்றுக்குப் போயிற்று. தீர்ப்புச் சொல்லத் தெருவே கொட்டகையில் கூடியது. பிள்ளைகள் சாட்சி சொல்ல மூன்று முறை வாங்கித் தின்றன. ஒரு கட்சிக்கு உப்பு அதிகம், மறு கட்சிக்குக் குறைவு. இரு கட்சியின் தட்டுகளும் காலி.

தலைவர் பூட்டோடு வந்தபோது பானையின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். "நாளைக்கு ரெண்டு மூட்டை அனுப்புங்க. இன்னும் முடிவு தெரியல," என்றாள் தையல்காரி. தலைவர் சிரிப்பை அடக்க முடியாமல் பூட்டைப் பைக்குள் போட்டார்.

மறுநாள் காலையில் மேஸ்திரி முதல் ஆளாய் வந்து தயங்கி நின்றார்.

"சளி தேவலையா?"

சமையல்காரரின் மூக்கு திறந்து வெகுநேரம் ஆகியிருந்தது. ஆனாலும் பலமாக ஒரு உறிஞ்சு உறிஞ்சினார்.

"எங்கே மேஸ்திரி! இது ஆலை தொறந்தாத்தான் போகும் போல. உட்காருங்க, உப்புப் பாருங்க."