அம்மாவின் தொண்டையில் நைனா

அந்த மாலை வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: அம்மா, தங்கை கஸ்தூரி, சித்தப்பா, நான். இல்லாதவர் நைனா, எங்கள் அப்பா. அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது.

அம்மா பானையிலிருந்து கேழ்வரகை முறத்தில் அளந்து போட்டாள். "லாபம்... ரெண்டு... மூணு..." என்று எண்ணினாள். முதல் படியை ஒன்று என்னாமல் லாபம் என்பது எல்லார் வீட்டு வழக்கம்தான். ஆனால் எண்ணிய குரல் அம்மாவுடையது அல்ல. கனத்து, கரகரத்து, இழுத்து வந்தது. செஞ்சி மண்டியில் ஆயுளெல்லாம் மல்லாட்டை (நிலக்கடலை) அளந்து கூவிய நைனாவின் குரல் அது. சித்தப்பாவின் கையிலிருந்த பீடி கீழே விழுந்தது.

"அண்ணா?" என்றார்.

அம்மா வெகுநேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தாள். "இன்னா?" என்றாள், அதே குரலில்.

இதே நோய் வந்த வீட்டார் இதைப் படிக்கக்கூடும். அதனால் அதற்கு முன்பே வந்திருந்த அறிகுறிகளையும் எழுதுகிறேன். அம்மாவின் முகம் உப்பியிருந்தது, விரலால் அழுத்தினால் குழி விழவில்லை. புருவங்களின் வெளி ஓரம் உதிர்ந்திருந்தது. சித்திரை மாதத்தில் எங்கள் தெருவுக்குப் பின்னால் உள்ள பாறைகள் பகலெல்லாம் காய்ந்து அந்தியில் அனலைக் கக்கும். ஆடுகூட ஒதுங்கிப் போகும். அம்மா போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பாறையில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். தொட்டால் தோல் சில்லென்று இருக்கும். ஒரு சொட்டு வியர்வை இருக்காது.

சித்தப்பா தினமும் வரத் தொடங்கினார். அம்மாவின் முன் குந்திக்கொண்டு நைனாவிடம் பேசினார்.

"அண்ணா, செவலை மாட்ட வித்துடட்டா?"

பதில் வருவதற்குள் ஒரு பீடி எரிந்து தீர்ந்துவிடும்.

"வெச்சிரு."

அவர் விற்கவில்லை.

வந்திருப்பது யார் என்று உறுதியாக அறிய, அமாவாசைக்கு மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனோம். காதருகே பம்பை முழங்கியது. சுற்றிலும் பெண்கள் தலையை விரித்து ஆடினார்கள். அம்மா மட்டும் உட்கார்ந்தபடியே தூங்கினாள். எலுமிச்சையைத் தலை சுற்றிப் பிழிந்தும் கண் திறக்கவில்லை.

"எறங்கி ஒக்காந்துட்டாரு. இனிமே போவ மாட்டாரு" என்றார் பூசாரி. சித்தப்பாவின் முகத்தில் அப்படியொரு நிறைவு.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் பார்த்தவன் நான் ஒருவன்தான். அப்போதுதான் மாதம் எழுபது ரூபாய்ச் சம்பளத்தில் ஆசிரியர் வேலையில் சேர்ந்திருந்தேன். படித்த எந்தப் பாடத்திலும் இது இல்லை. முக வீக்கத்துக்கு மருந்து வாங்கலாம் என்று சொல்லி அம்மாவைப் பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றினேன்.

அங்கே ஒரு பெண் டாக்டர் அம்மாவை நாற்காலியில் மண்டியிட வைத்து, குதிகாலுக்கு மேலே ரப்பர் சுத்தியால் தட்டினார். பாதம் வெடுக்கென்று நீண்டது. பிறகு, யாரோ பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுவதுபோல, மெல்லத் திரும்பி வந்தது.

"நல்லா இருக்கிற கால் உடனே திரும்பிடும். மத்த சோதனையும் செய்யலாம். ஆனா இந்தக் கால் சொல்லிடுச்சு" என்றார்.

காலையில் வெறும் வயிற்றில் அம்மாவின் மூக்கை இடுக்கியால் அடைத்து, ஒரு குழாய் வழியாக மூச்சுவிடச் சொன்னார்கள். சும்மா கிடக்கும் உடல் எவ்வளவு காற்றைச் செலவழிக்கிறது என்று பார்க்கும் சோதனை அது. அம்மாவின் உடல் மிகக் கொஞ்சமாகவே செலவழித்தது. ரத்தத்தில் கொழுப்பும் கூடியிருந்தது. தைராய்டு குறைவு என்றார்கள் (தைராய்டு: கழுத்தின் முன்புறம் உள்ள சுரப்பி, உடலின் சூட்டையும் வேகத்தையும் நடத்துவது).

"அப்போ அந்தக் கொரலு?" என்று கேட்டேன்.

"சுரப்பு கொறஞ்சா குரல் நாணும் வீங்கும்ப்பா. உள்ள வேற யாரும் இல்ல."

மாத்திரை கால்நடைகளின் சுரப்பியை உலர்த்திச் செய்தது. இதயம் தாங்க வேண்டும் என்பதால் மிகக் குறைந்த அளவில் தொடங்கி ஏற்றினார்கள். ஆயுள் முழுக்க நிறுத்தக் கூடாது என்றார்கள். சில வாரங்களில் அம்மாவின் மூக்கு நுனியில் வியர்வையைப் பார்த்து கஸ்தூரி கத்தினாள். புருவம் முளைத்தது. குரல் மெலிந்து மெலிந்து அம்மாவுடையதாயிற்று.

சித்தப்பா வாசலோடு நின்றார். "படிச்சி இன்னாடா கிழிச்ச? ஒங்க நைனாவ ரெண்டாந்தடவ சாவடிச்சிட்ட."

கஸ்தூரிக்குத் தையில் கல்யாணம் என்று நிச்சயமாயிற்று. மார்கழியில் ஒரு காலை என் பெயரை நைனா கூப்பிட்டார். திரும்பினால் அம்மா.

"மாத்திர போட்டியா?"

பதில் வரத் தாமதமானது. "நிறுத்திட்டேன்டா. பொண்ணு கழுத்துல தாலி ஏறக்குள்ள அவரு ரெண்டு வார்த்த சொல்லட்டும். அப்பறம் போட்டுக்கிறேன்."

கஸ்தூரி சுவரைப் பார்த்து நின்றாள். அந்த ஆசை அவளுடையது.

அப்போதே மாத்திரையைக் கொடுத்தேன். ஆனால் அவள் நிறுத்தி வெகு நாளாகியிருந்தது. மறுநாள் விடிந்தும் அம்மா எழவில்லை. உடல் சில்லிட்டிருந்தது. மூக்கருகே வைத்த விரலில் எதுவும் தெரியவில்லை. சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ஊருக்குச் சொல்லி அனுப்புடா."

நான் வாசலில் கிடந்த அவருடைய டயர் செருப்பை எடுத்தேன். அம்மாவின் முழங்காலை மடக்கி, ரப்பர் ஓரத்தால் குதிகாலுக்கு மேலே தட்டினேன்.

"அடப்பாவி! பெத்தவள செருப்பால அடிக்கிறியா?" என்று சித்தப்பா கத்தினார்.

மீண்டும் தட்டினேன். பாதம் நீண்டது. அப்படியே நின்றது. சித்தப்பா, கஸ்தூரி, நான் மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு திரும்பி வரத் தொடங்கியது, வெகுதூரத்திலிருந்து நடந்து வருவதுபோல.

சித்தப்பா ஓடினார். மண்டி லாரியோடு வந்தார்.

ஆஸ்பத்திரியில் சூட்டுக்குக் கம்பளி மட்டும் போர்த்தினார்கள். இப்படிக் கிடப்பவரை வெந்நீரோ நெருப்போ வைத்துச் சூடாக்கினால் உயிருக்கே ஆபத்தாம். வாசகர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அம்மா கண் திறந்தபோது அருகில் சித்தப்பா இருந்தார்.

"மாட்டுக்குத் தண்ணி காட்னியா?" என்றது நைனாவின் குரல்.

சித்தப்பா மாத்திரையைக் கையில் எடுத்தார். "காட்டிட்டேன்" என்றார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை. "வாயத் தொற, அண்ணி."

தள்ளிப்போன கல்யாணம் வைகாசியில் நடந்தது. அம்மா தன் மெல்லிய குரலில் வாழ்த்தினாள். வாழ்த்து முடிந்த பிறகும் கஸ்தூரி குனிந்த தலையோடு சற்று நேரம் காத்திருந்தாள்.

இப்போதும் அம்மா படி அளக்கையில், ஓர் எண்ணுக்கும் அடுத்ததற்கும் நடுவே கொஞ்சம் நேரமானால் நான் அவள் பாதத்தைப் பார்க்கிறேன். நாற்காலியில் மண்டியிட்டு என் காலையும் தட்டிப் பார்த்திருக்கிறேன். உடனே திரும்பிவிடுகிறது. அந்த வேகத்தை என்னால் முன்போல நம்ப முடியவில்லை.

லாரிக்கும், பாண்டிச்சேரியில் கிடந்ததற்கும், தள்ளிப்போன கல்யாணத்தின் பந்தலுக்குமாக, அண்ணன் வெச்சிரு என்று சொன்ன செவலை மாட்டைச் சித்தப்பா யாரையும் கேட்காமல் விற்றார். ஆன செலவு இருநூற்று அறுபது ரூபாய்.