மாற்றக்கூடாத எட்டு

ஒரு சாண் நீளமான பிளாஸ்டிக் அட்டை. நடுவே ஒரு கோடு, அதன்மேல் பூச்சியத்திலிருந்து பத்து வரை எண்கள். ஒரு முனையில் 'பயமே இல்லை', மறுமுனையில் 'தாங்கேலாத பயம்' என்று என் கையெழுத்து. மேசை லாச்சியைத் திறக்கும்போதெல்லாம் கண்ணில் படும். அழுக்குத் துணியைத் தொட்டதுபோல் கையை இழுத்துக்கொள்வேன்.

அது அண்ணையினுடையது. கூடப் பிறந்தவரல்ல, ஓல்னே-சூ-புவா என்ற புறநகரில் என்னோடு ஒரே அறையில் இருந்த வன்னிக்காரர். நகருக்குள் ரூ லூயி-பிளாங் தெருவில் ஒரு சாப்பாட்டுக்கடையில் சமையல். கார் து நோர் நிலையத்துக்குச் சற்று முன் ரயில் நிலத்துக்குள் இறங்குமே, அது அவருக்கு ஷெல்லடிக்குப் பதுங்கிய பங்கர். அதனால் மூன்று பஸ் மாறித்தான் வேலைக்குப் போவார். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவன் நான், பிரெஞ்சும் தெரியும் என்பதால் அறையில் எல்லாருடைய கடிதங்களும் என்னிடமே வரும். அண்ணையின் அகதி வழக்கையும் நான்தான் எழுதினேன். விசாரணைக்கு முன் அவரை இருத்தித் திரும்பத் திரும்பச் சொன்னேன்: "முதல் சொன்னதிலை ஒரு சொல்லும் மாத்தக்கூடாது அண்ணை. மாத்தினா பொய்யெண்டு எழுதிப்போடுவாங்கள்." அப்படித்தான் விசா கிடைத்தது.

பிறகு ஒரு மருத்துவமனையில், மனச்சோர்வுக்கும் போர் விட்டுப்போன பயத்துக்கும் கெட்டமின் உதவுமா என்று பார்க்கும் ஆய்வில் அவரைச் சேர்த்தார்கள். அறுவைச் சிகிச்சையில் மயக்கத்துக்குக் கொடுக்கும் மருந்து அது. சிறிய அளவில், சேலைன்போல் நரம்பில் ஏற்றினார்கள். மொழிபெயர்க்க நான் போனேன். ஒவ்வொரு முறையும் மருத்துவர் ஓர் அட்டையை நீட்டுவார்: இந்தக் கிழமை பயம் எவ்வளவு? வீட்டில் யோசித்துப் பார்க்க அதேபோல் ஒன்று எங்களுக்கும் தந்தார்கள். முதல் நாள் அண்ணை எட்டில் விரல் வைத்தார்.

இரண்டாம் முறை மருந்து ஏற்றிய சில நாள்களில் என்னோடு ரயிலில் வந்தார். இருளுக்குள் இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்தார், பிறகு விட்டார். "இவ்வளவுதானே? இதுக்கோடா தம்பி மூண்டு வருசமா பஸ்காரனுக்குச் சொந்தக்காரன் மாதிரித் திரிஞ்சனான்!" எதிரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

மருத்துவர் கேட்டபோது விரல் எட்டில். அடுத்த முறையும் எட்டு. நோயாளி சொல்வதை மட்டும் சொல் என்று மருத்துவமனையில் எனக்கு முதலே கட்டளை. நல்ல மாணவன்போல் எட்டு என்றேன். நான்காம் முறை மருத்துவர் கனிவோடு சொன்னார்: இந்த மருந்து இவருக்கு வேலை செய்யவில்லை, நிறுத்துகிறோம்.

வெளியே வந்து கத்தினேன். "ரயிலிலை சிரிச்சனீங்கள்தானே அண்ணை?"

"நீதானே சொன்னனீ, முதல் சொன்னதை மாத்தக்கூடாதெண்டு."

"அது வழக்குக்கு!"

"அங்கையும் கேட்டு எழுதினவங்கள், இஞ்சையும் கேட்டு எழுதுறாங்கள். என்ன வித்தியாசம்?"

திரும்பிப் போய் உள்ளதைச் சொல்வோம் என்றேன். அவர் என் கையைப் பற்றினார். "இப்ப மாத்தினா முந்திச் சொன்னதெல்லாம் பொய்யெண்டு ஆகும். விசாவையும் பறிப்பாங்கள்." என் கையில் அவர் நகம் பதிந்தது. நான் போகவில்லை.

மருந்து நின்ற சில கிழமைகளில் மறுபடி மூன்று பஸ். சுகமானதைக்கூட ஒப்புக்கொள்ளப் பயப்படும்படி மனிதரை ஆக்கிவைத்த அலுவலகங்களை நினைத்தால் குமட்டுகிறது. அதைவிடக் குமட்டுவது, அவர்கள் வேலையைச் செய்து கொடுத்த என் குரல்.

போன கிழமை மட்டக்களப்பிலிருந்து வந்த ஒருவர் வழக்கோடு என் முன் இருந்தார். "முதல் சொன்னதை மாத்தக்கூடாது" என்றேன். இதைச் சொல்லாவிட்டால் அவரைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்து அவர் முன் வைத்தேன்.

"ஆஸ்பத்திரியிலை இப்பிடி ஒண்டைக் காட்டினா மட்டும், அண்டண்டைக்கு உள்ளதைச் சொல்லுங்கோ."

அவர் அட்டையை இரு கையாலும் பிடித்துப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எத்தினை எண்டு சொல்ல வேணும் தம்பி?"