கரண்டு போன நேரத்துப் பேட்டி

தொண்ணூறுகளின் நடுவில், அவினாசி சாலையில் இருந்த ஒரு சின்னக் கல்லூரியில் இதழியல் படித்தேன். அன்னூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம் எங்களுடையது. பி.காம். சேரச் சொன்ன அப்பாவிடம், பத்திரிகைக்கு எழுதவும் ரேடியோவில் பேசவும் சொல்லித் தருகிறார்கள் என்று அடம்பிடித்துச் சேர்ந்திருந்தேன். ஒரே ஒரு அறைதான் எங்கள் துறை. பழைய தட்டச்சு இயந்திரம் ஒன்று, கட்டுக்கட்டாகச் செய்தித்தாள்கள், எல்லோருக்கும் பொதுவாக ஒரு மைக்.

முதல் செய்தி வாசிப்புப் பயிற்சியிலேயே வகுப்பு சிரித்தது. முதலமைச்சர் டெல்லிக்குப் புறப்பட்டுச் சென்றார் என்று தாளில் இருந்ததை நான் “சென்றாருங்க” என்று வாசித்துவிட்டேன். பெரிய மனிதரைப் பற்றிய பேச்சு. அந்த ‘ங்க’ தானாக வந்து ஒட்டிக்கொண்டது. எங்கள் விரிவுரையாளர் மேடம் ஒரு பத்திரிகையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர். அவர் சிரிக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சை விட்டால்தான் வானொலிப் பக்கம் போக முடியும் என்றார். அதன் பிறகு மைக் முன்னால் உட்காரும் முறை வந்தாலே பின்வரிசைக்கு நழுவிவிடுவேன்.

இரண்டாம் ஆண்டில், இருவர் இருவராகச் சேர்ந்து ஒரு வானொலிப் பேட்டி பதிவு செய்துவரச் சொன்னார்கள். எனக்குத் துணையாக வந்தவள் கோட்டைமேட்டுப் பெண். அத்தா என்று அவள் கூப்பிடும் அவளுடைய அப்பா டவுன்ஹால் பக்கம் குடையும் டார்ச் லைட்டும் விற்கும் கடை வைத்திருந்தார். வீட்டிலிருந்த டேப் ரிக்கார்டரைத் தந்து, கடையிலிருந்து புதுப் பேட்டரிக் கட்டைகளையும் போட்டு அனுப்பினார். யாரைப் பேட்டி எடுப்பது என்று நாங்கள் அதிகம் யோசிக்கவில்லை. கருமத்தம்பட்டியில்தான் நான் தினமும் பஸ் மாறுவேன். பஸ் நிற்கும் இடம் வரைக்கும் விசைத்தறிச் சத்தம் கேட்கும். தறி ஓட்டும் பெண் ஒருவரிடம் பேசலாம் என்று முடிவு செய்தோம்.

முதல் தடவை போனது வீணாயிற்று. தறிக்குடோன் முதலாளி தாராளமாக அனுமதித்தார். ஒரு அக்காவும் பேசச் சம்மதித்தார். திரும்பி வந்து பஸ் நிறுத்தத்தில் கேசட்டைப் போட்டுக் கேட்டால் தறி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொண்டார்கள் என்பது அப்புறம்தான் எங்களுக்கு உறைத்தது.

அடுத்த வாரம் மறுபடியும் போனோம். மதியம் கரண்டு போகும், அப்போது வாருங்கள் என்று அந்த அக்கா முதல் தடவையே கையைக் காட்டிச் சொன்னது கேசட்டைக் கேட்ட பிறகுதான் எங்களுக்குப் புரிந்திருந்தது. வாசலில் வேப்பமரத்தடியில் காத்திருந்தோம். திடீரென்று அந்தத் தெருவின் தறிகள் எல்லாம் ஒரே மூச்சில் நின்றன. எங்கேயோ ஒரு குழந்தை அழுவது கேட்டது. அக்கா தலையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிக்கொண்டே வெளியே வந்து உட்கார்ந்தார்.

எழுதி வைத்திருந்த கேள்விகள் எனக்கு வாயில் வரவில்லை. “ஏனுங்க்கா, இந்தச் சத்தத்துல நாளெல்லாம் பேசாம எப்படீங்க்கா இருக்கறீங்க?” என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்தார். வீட்டுக்காரருக்கும் இதே குடோனில்தான் வேலை, அவருக்கு ராத்திரி ஷிப்டு என்றார். மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும் என்று ஆளுக்கொரு ஷிப்டாக எடுத்தார்களாம். அது அப்படியே நிலைத்துவிட்டது.

“அவிய ஷிப்டு முடிச்சுக் கெளம்பறப்ப நான் உள்ள வருவனுங்க. சாப்ட்டியான்னு கையில கேப்பாங்க. புள்ளைக்குச் சோறு கட்டிப்போட்டேன்னு நானும் கையில சொல்லுவேன். அவ்வளவுதானுங்க அம்மணி எங்க பேச்சு.”

ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாதே என்று என் தோழி கேட்டாள்.

“அன்னிக்குப் பூராத் தூங்குவாங்க கண்ணு. எழுப்ப மனசு வராது. அவிய கொரலு எப்படியிருக்கும்னு செல நாளு தறி ஓட்டிக்கிட்டே நெனச்சுப் பாப்பேன்.”

இன்னும் ஏதேதோ சொன்னார். கரண்டு வந்ததும் பாதிப் பேச்சில் எழுந்து உள்ளே ஓடிவிட்டார்.

வகுப்பில் கேசட்டைப் போட்டபோது என் ‘ஏனுங்க்கா’வுக்கு ஓரிருவர் சிரித்தார்கள். அக்கா பேசத் தொடங்கியதும் அறை அடங்கிவிட்டது. முடிந்ததும் விரிவுரையாளர், பேட்டி நன்றாக வந்திருக்கிறது, கேள்விகளை மட்டும் வெட்டிவிட்டு நல்ல தமிழில் வேறொருவரை வாசிக்க வைத்துச் சேர்க்கலாம் என்றார். நான் தலையாட்டிவிட்டேன். என் தோழி எழுந்து நின்றாள்.

“அதை எடுத்துட்டா அந்த அக்கா யாருகிட்டப் பேசறாங்கன்னே தெரியாது மேடம். இவ இப்படிக் கேட்டதாலதான் அவங்க அப்படிப் பேசினாங்க.”

அவர் கேசட்டைப் பின்னுக்கு ஓட்டி, தொடக்கத்திலிருந்து இன்னொரு தடவை கேட்டார். பிறகு, அப்படியே இருக்கட்டும் என்றார். அன்று சாயங்காலம் நான் பஸ்ஸில் வெளியே பார்த்துச் சிரித்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தேன்.

அக்காவுக்கு அவர் பேசியதைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வீடு தேடிப் போனோம். வீட்டுக்காரர் அப்போதுதான் விழித்து எழுந்திருந்தார். அவர் இருப்பார் என்பதை நாங்கள் யோசித்திருக்கவில்லை. அக்கா போட வேண்டாம் என்று கண்ணைக் காட்டுவதற்குள் மகள் பட்டனை அமுக்கிவிட்டாள். வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் தலைகுனிந்து உட்கார்ந்து முழுவதையும் கேட்டார். தன் குரலைப் பற்றிய இடத்தை மறுபடியும் போடச் சொன்னார்.

“இதையெல்லாம் எங்கிட்டச் சொல்றதுக்கென்ன?”

“எப்பங்க சொல்றது?” என்றார் அக்கா.

மகள்தான் முதலில் சிரித்தாள். பிறகு அவரும் சிரித்துவிட்டார். எங்களுக்குக் காபி வந்தது. நாங்கள் கிளம்பும்போதும் இருவரும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள்: மகள் வளர்ந்துவிட்டாள், பள்ளி விட்டு வந்தால் பக்கத்து வீட்டில் இருந்துகொள்வாள், இருவருக்கும் ஒரே ஷிப்டு தருவாரா என்று முதலாளியிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று.

முதலாளி என்ன சொன்னார் என்பது எனக்கு அந்தக் கோடையில்தான் தெரிந்தது. கோவையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தேன். காலையில் கருமத்தம்பட்டியில் பஸ் மாற இறங்கியபோது, அக்காவும் வீட்டுக்காரரும் சோற்றுத் தூக்குப்போசியோடு தறிக்குடோன் பக்கம் சேர்ந்து நடந்துபோனார்கள். அவர்தான் பேசிக்கொண்டே போனார். அக்கா என்னைப் பார்த்துவிட்டு, “சாயங்காலம் ஊட்டுக்கு வா கண்ணு” என்றார். வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கோவை பஸ்ஸுக்கு ஓடினேன்.